மூன்று ஆவிகளில் இரண்டு போன பிறகு: ஒரு சிறுவர் நகைச்சுவைத் தொடரின் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

பிரிட்டனில் பிபிசி 1976 முதல் 1984 வரை ஒளிபரப்பிய சிறுவர் நகைச்சுவைத் தொடர் 'ரென்டாகோஸ்ட்'. வாடகைக்கு ஆவி என்று பெயரைத் தமிழாக்கலாம். மொத்தம் ஒன்பது பருவங்கள், 58 அத்தியாயங்கள். கதையைச் சுமந்த மூன்று ஆவிகளில் இரண்டு, நான்காம் பருவத்தோடு விடைபெற்றுவிட்டன. மீதி ஐந்து பருவங்களும் அவர்கள் இல்லாமலே ஓடின.

ஒரு தொடர் சரிந்தது என்று நாம் சொல்லும்போது, அது சீக்கிரம் நின்றுபோயிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். இங்கே அப்படி நடக்கவில்லை. பழைய அணியோடு ஓடிய காலத்தைவிட அவர்கள் போன பிறகு வந்த பருவங்களே அதிகம். நான் இந்தத் தொடரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். உயிரோடு இருந்துகொண்டே ஒரு தொடர் தன் உள்ளீட்டை இழக்க முடியும். அது எந்த இடத்தில், எப்படி நடக்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கலைஞர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கதாபாத்திரத்தின் பெயரையே பயன்படுத்துகிறேன். பின்னால் வந்த நடிகர்களில் பலர் மிகத் தேர்ந்தவர்கள். அவர்கள் திறமையை எடைபோடுவது என் நோக்கமல்ல.

பின்னணி: தோற்றுப்போனவன் திறந்த கடை

கதையின் கரு எளிமையானது. ஃபிரெட் மம்ஃபோர்ட் என்றொரு இளைஞன் அண்மையில்தான் இறந்திருக்கிறான். வாழ்ந்த காலத்தில் தொட்ட எதுவும் துலங்காதவன். செத்த பிறகாவது உருப்படியாக ஒன்று செய்துகாட்ட வேண்டும் என்று ஆவிகளை வாடகைக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றைத் தொடங்குகிறான். வேலைக்கு வருகிறவர்கள் இருவர். ஒருவர் ஹியூபர்ட் டேவன்போர்ட், விக்டோரியா காலத்துக் கனவான். கண்ணில் படுவதெல்லாம் ஒழுக்கக்கேடாகத் தெரிகிற மனிதர். மற்றவன் டிமோதி கிளேபோல், இடைக்காலத்து அரசவை விதூஷகன். குறும்பைத் தவிர வேறெதுவும் அறியாதவன். இவர்களுக்கு இடத்தை வாடகைக்கு விட்டவர் ஹெரால்ட் மீக்கர். உயிருள்ள மனிதர், குடியிருப்பவர்கள் யாரென்று தெரியாமல் மாட்டிக்கொண்டவர்.

ஒரு விவரத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், பின்னால் வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான் நிற்கிறது. மம்ஃபோர்டின் அப்பா அம்மாவுக்குத் தங்கள் மகன் இறந்துவிட்டான் என்பது தெரியாது. அவன் அவர்களைப் பார்க்கப் போகிறான், பேசுகிறான், உயிரோடு இருப்பதுபோல நடந்துகொள்கிறான். குழந்தைகள் சிரிக்கிறார்கள். சிரிப்புக்கு அடியில் ஒரு மகனுடைய வெட்கம் இருக்கிறது: வாழ்க்கையில் தோற்றதைப் பெற்றோரிடம் சொல்ல முடியாத வெட்கம். பரீட்சை மதிப்பெண்ணை மறைத்த எந்தக் குழந்தைக்கும் அது புரியும். செத்தவனுடைய கதை என்பது ஒரு வேடிக்கைப் போர்வைதான். உள்ளே இருப்பது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை.

முதல் நான்கு பருவங்களில் கவனித்தது

மூவரும் மூன்று நூற்றாண்டுகளிலிருந்து வந்தவர்கள். ஒரே மேசை, ஒரே தொலைபேசி, மூன்று விதமான தவறான புரிதல். வாடிக்கையாளர் ஒரு வேலை சொன்னால் மம்ஃபோர்ட் திட்டம் போடுவான், டேவன்போர்ட் அந்தத் திட்டத்தின் பண்பாட்டைக் கேள்வி கேட்பார், கிளேபோல் அதைக் குட்டிச்சுவராக்குவான். திட்டம், தயக்கம், குறும்பு என்று மூன்று கைகளும் ஒரே கயிற்றை மூன்று திசையில் இழுத்தன. சண்டை மூட்ட வெளியிலிருந்து ஆள் வர வேண்டிய தேவையே இருக்கவில்லை.

குழந்தைப் பார்வையாளருக்கு மம்ஃபோர்ட் ஒரு மொழிபெயர்ப்பாளன் மாதிரி. மற்ற இருவருக்கும் இன்றைய உலகத்தை விளக்கிச் சொல்லும் சாக்கில் அவன் பார்வையாளருக்கும் விளக்கிவிடுகிறான். அவன் பதறுகிற இடத்தில் நாமும் பதறுகிறோம். வேலை கெட்டால் நட்டம் அவனுக்கு. மறுபடியும் தோற்றவன் என்ற பெயர் வந்துவிடும், பெற்றோர் முன்னால் பொய் இன்னும் கொஞ்சம் கனக்கும். கிளேபோலின் குறும்பு அத்தனை சிரிப்பைக் கிளப்பியதற்குக் காரணம், அவன் உடைப்பது இன்னொருவன் உயிரைக் கொடுத்துக் கட்டியதை என்பதுதான்.

தெருக்கூத்தில் கட்டியங்காரனை நினைத்துப் பாருங்கள். ராஜாவையே கிண்டல் செய்வான், நடுவில் புகுந்து கதையைக் கலைப்பான். கூட்டம் அவனுக்காகவே காத்திருக்கும். ஆனால் பக்கத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து துரியோதனன் தன் துயரத்தோடு நிற்பதால்தான் அவன் பேச்சு எடுபடுகிறது. துரியோதனனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்டியங்காரனை மட்டும் விடிய விடிய ஆடச் சொன்னால், நடுச்சாமத்துக்குள் பாய் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சரிவின் முதல் அறிகுறி பழைய அணி இருக்கும்போதே தெரிந்தது. 1978 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தில் டாபின் என்ற குதிரை வந்து சேர்ந்தது. இது பிரிட்டனின் கிறிஸ்துமஸ் கால 'பான்டமைம்' மேடையில் வரும் துணிக்குதிரை. நம் பொய்க்கால் குதிரையில் ஆடுபவர் ஒருவர். இதில் முன்கால் ஒருவர், பின்கால் ஒருவர் என இருவர் உள்ளே இருப்பார்கள். கிளேபோல் அந்த வேடத்துக்கு மந்திரத்தால் உயிர் கொடுத்துவிடுகிறான், பிறகு அதைத் திரும்பப் பெறத் தெரியவில்லை. ஒரு நாள் கூத்துக்கு அருமையான யோசனை. குதிரை அதன்பின் தொடரிலேயே தங்கிவிட்டது.

1979

1979 இல் புதிய பருவம் வரவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் டேவன்போர்டாக நடித்தவர் காலமானார். அடுத்த பருவம் 1980 இல் வந்தபோது மம்ஃபோர்டாக நடித்தவரும் அதில் இல்லை.

ஆக, மூவரில் எஞ்சியவன் விதூஷகன் ஒருவனே. தொடரின் தலைப்புப் பாடலை எழுதிப் பாடியவரும் அவனாக நடித்த கலைஞர்தான். நிகழ்ச்சி தொடங்கும்போது கேட்கும் குரல் மாறவில்லை. மீக்கராக நடித்தவரும் தொடர்ந்தார். எழுத்தாளரும் மாறவில்லை: 58 அத்தியாயங்களையும் எழுதியவர் ஒருவரே. மூல எழுத்தாளர் போய்விட்டதால் தொடர் கெட்டது என்ற வழக்கமான விளக்கம் இங்கே செல்லாது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். 1979 முதல் 1984 வரை அதே எழுத்தாளர் பிபிசிக்காக இன்னொரு சிறுவர் நகைச்சுவைத் தொடரையும் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கை இரண்டு உலைகளுக்கு விறகு தள்ளியது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, தொடரை நிறுத்துவதில்லை என்பது. இதில் எனக்குக் குறை இல்லை. பெயர் நிலைத்த, குழந்தைகள் தேடிப் பார்க்கிற தொடரை மூடுவது யாருக்கும் எளிதல்ல.

இரண்டாவது, அந்த இரண்டு பாத்திரங்களுக்கும் வேறு நடிகர்களைப் போடவில்லை. இது சரியான முடிவு, மரியாதையான முடிவும்கூட. நான்கு பருவங்களாகப் பழகிய முகத்தின் பெயரை இன்னொரு முகத்துக்குச் சூட்டினால் குழந்தைகள் ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவது முடிவில்தான் தொடரின் திசை மாறியது. மையத்தில் உண்டான வெற்றிடத்தில் மீக்கரை உட்கார வைத்தார்கள். வாடகை கேட்டு நின்றவரே நிறுவனத்தின் முதலாளி ஆனார். கதை அவருடைய வீட்டுக்குள் வந்தது, மனைவி எத்தல் கூடவே வந்தார். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது: அவர் ஏற்கெனவே தெரிந்த முகம், விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடரலாம், புதிதாக எதையும் அறிமுகப்படுத்த வேண்டாம். ஆனால் மீக்கருக்கு வேண்டியது என்ன? நிம்மதி. வீடு உடையாமல் இருந்தால் போதும். ஆவிகள் தொல்லை கொடுக்காத நாள்தான் அவருக்கு நல்ல நாள். மம்ஃபோர்ட் எதையோ அடைய ஓடியவன். மீக்கர் எதையோ தவிர்க்க ஓடுபவர். கதையின் நடுவில் இருப்பவர், அடுத்த நிகழ்ச்சி நடக்காமல் இருந்தால் நல்லது என்று விரும்பினால், ஒவ்வொரு வாரமும் வெளியிலிருந்து ஒருவர் வந்து எதையாவது உடைத்தாக வேண்டும்.

நான்காவது முடிவு அதன் தொடர்ச்சி: உடைப்பதற்கு ஆட்கள். ஸ்காட்லாந்து மந்திரக்காரி ஹேசல் இருந்தார். 1981 இல் நாடியா போபோவ் என்ற டச்சு ஆவி வந்தாள். பூக்களின் வாடை பட்டால் தும்முவாள், தும்மினால் மறைந்து வேறிடத்தில் தோன்றுவாள். பல்பொருள் அங்காடி முதலாளி ஆடம் பெயின்டிங் அடிக்கடி வந்து சிக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு பெர்கின்ஸ் தம்பதி, மீக்கர் குடும்பத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். குதிரையும் இருந்தது.

தொடர்ந்து நடந்தது

வந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வித்தை இருந்தது. தும்மல் ஒருத்திக்கு, மந்திரம் ஒருத்திக்கு, முட்டாள்தனமான பாசம் குதிரைக்கு. ஆளுக்கொரு தேவை இருந்ததா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கணிப்பு. நாடியா தும்மி மறைந்தால் அவளுக்கு எதுவும் நட்டமில்லை. திரும்பி வருவாள், மறுபடி தும்முவாள். மம்ஃபோர்ட் ஒரு வேலையைச் சொதப்பினால் அடுத்த காட்சியில் அவன் முகத்தில் அது இருந்தது.

குழந்தைகளுக்கான நகைச்சுவையில் திரும்பத் திரும்ப வருவது ஒரு குறையே அல்ல. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில் அவர்களுக்குத் தனி இன்பம் உண்டு. அவள் மூக்கு துடிக்கும்போதே கத்தத் தொடங்கிவிடுவார்கள். நான் குறையாகக் காண்பது வேறு. ஒரு வித்தை திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு ஆபத்தான நேரத்தில் வர வேண்டும். கல்யாண வீட்டில் வந்த தும்மலுக்கும் சும்மா இருக்கும்போது வந்த தும்மலுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த ஆபத்தைக் கட்டித்தர, காப்பாற்ற வேண்டிய ஏதாவது ஒன்று யாரிடமாவது இருக்க வேண்டும். பிற்காலப் பருவங்களில் அதைக் காண்பது அரிது. ஆள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைந்தது. நேரம் குறையக் குறைய வித்தை மட்டும் மிஞ்சியது.

கிளேபோலுக்கு நேர்ந்ததுதான் எனக்கு மிக வருத்தம் தருவது. அவன் வேடிக்கையின் பாதி, இடைக்காலத்து ஆள் இந்த நூற்றாண்டைப் புரிந்துகொள்ளாமல் திணறுவது. ஆண்டுகள் ஓட ஓட அவனுக்கு எல்லாம் பழகிவிட்டது. அவன் அதிர்ச்சியைப் பங்குபோட்டுக்கொள்ள டேவன்போர்ட் இல்லை, விளக்கம் சொல்ல மம்ஃபோர்ட் இல்லை. தொட்டுக்கொள்ள வைத்த ஊறுகாயே சோறாக ஆகிவிட்டது. அந்தக் கலைஞர் கடைசி வரை முழு உற்சாகத்தோடு ஆடினார் என்பதைப் பார்த்த எவரும் மறுக்க மாட்டார்கள். அந்த உழைப்பைப் பார்க்கும்போது ஆதங்கம் இன்னும் கூடுகிறது.

தொடரின் வடிவமும் மெல்ல மாறியது. நிறுவனத்துக்கு ஒரு வேலை வருகிறது, ஆவிகள் போகிறார்கள் என்ற தொடக்க அச்சு தளர்ந்தது. மீக்கர் வீட்டுக் கூடத்தில் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து ஒரு கூச்சலில் முடிக்கும் மேடைக் கூத்தாக அது ஆனது. பான்டமைம் என்பது நல்ல வடிவம்தான், நெடிய மரபு உள்ளது. வருடத்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும் ஆடப்படுவதில்தான் அதன் பலம். 1984 இல் ஒன்பதாம் பருவத்தோடு தொடர் நின்றது.

ஒரு எதிர்வாதம்

எண்பதுகளின் தொடக்கத்தில் குழந்தையாக இருந்தவர்களுக்கு இந்தத் தொடர் என்றால் துணிக்குதிரையும் தும்மலும்தான். மம்ஃபோர்டை அவர்கள் பார்த்ததே இல்லை. அவர்களிடம் போய் தொடர் சரிந்துவிட்டது என்றால், எங்கள் சந்தோஷம் பொய்யா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிறுவர் தொடர்களுக்குப் பார்வையாளர் கூட்டம் நான்கைந்து ஆண்டுக்கொரு முறை முழுவதுமாக மாறிவிடும். பழைய அணியின் இழப்பை உணர்கிற குழந்தையே சீக்கிரத்தில் வளர்ந்து போய்விடுகிறது. தயாரிப்பவர்களுக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. யாரும் முறையிடுவதில்லை, புதிதாக வந்தவர்களுக்கு இழந்தது என்னவென்றே தெரியாது.

அந்தக் குழந்தைகளின் சிரிப்பு உண்மை. அவர்களுக்கு முன்னால் வந்தவர்களுக்குச் சிரிப்போடு இன்னொன்றும் கிடைத்திருந்தது. தோற்றுப்போன ஒருவன் மேல் அக்கறை கொள்ளும் வாய்ப்பு அது. இவர்களுக்கும் அது கிடைத்திருக்கலாம்.

மற்றவர்கள் செய்தது

ஆள் போவது எல்லாத் தொடருக்கும் வரும். அதே பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ' 1966 இலேயே இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. நாயகன் சாகும் தறுவாயில் வேறு உடலெடுப்பான் என்று கதைக்குள்ளேயே விதி வைத்தார்கள். முகம் மாறினாலும் நாயகனின் அலைச்சலும் ஆர்வமும் கைமாறிச் சென்றன. 1978 இல் தொடங்கிய 'கிரேஞ்ச் ஹில்' பள்ளிக்கூடக் கதை. மாணவர்கள் படித்து முடித்துப் போவது அங்கே இயல்பு, புது வகுப்பு வருவதும் இயல்பு. அது 2008 வரை ஓடியது. இரண்டும் பிரிவைக் கதையின் எலும்பிலேயே வைத்திருந்தன.

மரணத்தை நேராகச் சந்தித்த உதாரணம் அமெரிக்காவின் சிறுவர் நிகழ்ச்சி 'செசமி ஸ்ட்ரீட்'. கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் 1982 டிசம்பரில் காலமானார். 1983 நவம்பர் 24 அன்று வந்த அத்தியாயத்தில் ஹூப்பரும் இறந்துவிட்டார் என்றே சொன்னார்கள். அதில் வரும் பெரிய மஞ்சள் பறவைப் பாத்திரமான பிக் பேர்ட் எல்லோருடைய படத்தையும் வரைந்துகொண்டு வருகிறது. ஹூப்பரின் படத்தைக் கொடுக்க அவரைத் தேடுகிறது. பெரியவர்கள் அவர் இனி வரமாட்டார் என்று அமைதியாக விளக்குகிறார்கள். 1980 இல் ரென்டாகோஸ்ட் குழுவின் முன்னால் இந்த முன்மாதிரி இருக்கவில்லை. அதை வைத்து அவர்களைக் குறை சொல்வது தகாது.

மாற்றிச் செய்வதானால்

முதலில், காலியிடத்தை நிரப்பும் முன் அந்த இடத்தில் இருந்தவன் என்ன வேலை செய்தான் என்று எழுதிப் பார்ப்பேன். மம்ஃபோர்ட் செய்தவை மூன்று: ஆசைப்பட்டான், விளக்கினான், வெட்கப்பட்டான். புதிய ஆவி ஒன்றை எழுதும்போது அதற்கு என்ன வித்தை என்று கேட்பதற்கு முன், எதை நினைத்து அது வெட்கப்படும் என்று கேட்பேன். நாடியாவின் தும்மலையே எடுத்துக்கொள்ளுங்கள். நினைத்த இடத்தில் நிற்க முடியாத ஒருத்தி அவள். யாரிடமாவது கடைசி வரை இருந்து ஒரு பேச்சை முடிக்க வேண்டும் என்று அவள் தவித்தால், அதே தும்மல் வேறொன்றாக ஆகிவிடும். ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பேன். இருவர் போன இடத்துக்கு ஒருவர் போதும், அதுவும் கிளேபோலோடு முரண்படத் தெரிந்த ஒருவர். குதிரையை ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு மட்டும் அழைத்துவருவேன்.

ஐந்தாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில் எப்படியாவது பெற்றோரைக் கொண்டுவர முயல்வேன். மம்ஃபோர்டாக நடித்தவர் இல்லாமலே அதை எழுத முடியும். அவன் ஒரு கடிதம் விட்டுப் போயிருக்கிறான். அதில் தான் எப்போது இறந்தேன் என்பதையும், ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்லியிருக்கிறான். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் கிளேபோல், வாழ்நாளிலும் அதற்குப் பின்னும் எந்தப் பொறுப்பையும் ஏற்றறியாதவன். கதவைத் தட்டுகிறான். அந்த அம்மா கதவைத் திறக்கிறார். விதூஷகனுக்கு முதல் தடவையாகச் சொல்ல வேடிக்கை எதுவும் வரவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் வாசித்து முடிக்கும் வரை அங்கேயே நிற்கிறான். பிறகு அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, மம்ஃபோர்டின் நாற்காலியில் உட்காரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடிக்கிறது. மீக்கர் வாடகை கேட்டு வாசலில் நிற்கிறார்.